கஸ்டம் பைக் கட்ட எந்த வண்டிய வாங்கலாம்: பழைய புல்லட்டா, டூ ஸ்ட்ரோக்கா, யூசிஇ இன்ஜின் என்ஃபீல்டா, ஷோரூம் வண்டியா?

பெங்களூர்ல நம்ம பசங்ககிட்ட கஸ்டம் பைக்னு பேச்சு எடுத்தா உடனே போன எடுத்து ஒரு கஃபே ரேசர் (குனிஞ்சு ஓட்டுற பழைய ரேஸ் வண்டி ஸ்டைல்) படத்த காட்டி "இதே மாதிரி வேணும்ணே, எவ்ளோ ஆகும்"னு தான் ஆரம்பிப்பாங்க. எவ்ளோ ஆகும்னு சொல்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரியணும். வண்டி எங்க நிக்கப் போகுது, ஆர்சி எந்த ஊர் நம்பர், கட்டி முடிச்சப்புறம் எங்க ஓட்டப் போறீங்க. வாடகை வீட்டுல ஸ்கூட்டர் நிறுத்தவே எடம் இல்லாதவனுக்கும் ஓசூர்ல சொந்த வீடு ஷெட்டோட இருக்குறவனுக்கும் ஒரே வண்டிய சிபாரிசு பண்ண முடியாது. இந்த மூணுக்கும் பதில் இருந்தா எந்த வண்டிய வாங்குறதுன்னு பாதிக்கு மேல முடிவாயிடும், உருவம் அழகு எல்லாம் அதுக்கப்புறம் தான்.

எல்லாரும் முதல்ல போறது காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு. 346 சிசி, போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90, பவர்னு பாத்தா 18 ஹெச்பி. இன்னைக்கு வர்ற 200 சிசி வண்டியே அத விட ஜாஸ்தி தருது, ஆனா அந்த நீட்டு ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் சேந்து தான் அந்த டுப்பு டுப்பு சத்தத்தையும் கீழ் ஆர்பிஎம் இழுவையையும் குடுக்குது. 1955ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சதுல இருந்து 2010 வாக்குல வரைக்கும் இன்ஜினோட அடிப்படை பெருசா மாறவே இல்ல, அதனால ஜேசி ரோட்டுலயோ சிவாஜிநகர்லயோ போய் நின்னா இல்லன்ற சாமானே கிடையாது. கஸ்டம் பண்றவனுக்கு ரொம்ப வசதி. கியர்பாக்ஸ தனியா கழட்டலாம், பாயிண்ட் இக்னிஷன், ஒத்த கார்பரேட்டர், வயரிங்க விரல் விட்டு எண்ணிடலாம், பின் மட்கார்டு சீட்டு எல்லாம் போல்ட்ல நிக்குது, சேசிஸ்ல கை வைக்காமலே உருவத்த பாதி மாத்திடலாம்.

ஓட்டுறதுல தான் விஷயம் இருக்கு. பெரும்பாலான பழைய வண்டில கியர் வலது கால்ல, மேல ஒண்ணு கீழ மூணு, பிரேக் இடது கால்ல, தினம் ஆபீசுக்கு வேற வண்டி ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் இதுல ஏறுனா திடீர்னு பிரேக் புடிக்க வேண்டிய நேரத்துல கால் கியர போய் மிதிக்கும். அப்புறம் சூடு. அலுமினிய பிஸ்டன் காஸ்ட் அயர்ன் பேரல விட வேகமா விரியும், கிருஷ்ணகிரி ரோட்டுல லாரிய ஓவர்டேக் பண்றேன்னு 80, 90ல தொடர்ந்து முறுக்கிட்டே போனா பிஸ்டன் புடிச்சிக்கும், பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும். பிக் எண்ட்ல (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற எடம்) பழைய வண்டிக்கெல்லாம் ஃப்ளோட்டிங் புஷ் தான், ரோலர் பேரிங் இல்ல, நேரத்துக்கு ஆயில் மாத்தாதவன் கைல இருந்த வண்டின்னா சூடானப்புறம் லேசா ரேஸ் குடுத்து விட்டு கேளுங்க, அடில டொக் டொக்னு தட்டுனா கிராங்க் வேலை இருக்குன்னு அர்த்தம், அந்த செலவ விலைல குறைச்சுப் பேசணும். 60, 65ல நிம்மதியா போறவனுக்கு இது நல்ல வண்டி, வேகம் வேணுங்குறவனுக்கு இல்ல.

வாங்கப் போற எடத்துல எல்லாரும் முதல்ல கிக்கர உதைப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச சிவாஜிநகர் பாய் ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணவே விட மாட்டாரு. பெட்ரோல் நனைச்ச துணியால ஹேண்டில் கழுத்துக்கிட்ட இருக்குற கிரீஸ துடைச்சிட்டு, குந்திக்கிட்டு, போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு சேசிஸ் நம்பர் மேல கட்டை விரல வச்சு தடவுவாரு. கையால குத்துன பழைய நம்பர்ல எழுத்து கொஞ்சம் ஏறி இறங்கித் தான் இருக்கும், அது பரவால்ல, ஆனா நம்பர சுத்தி மட்டும் தகடு வழவழன்னு தேஞ்சு பள்ளமா இருந்தா அது கிரைண்டர் வேலை. அப்படி இருந்துச்சுன்னா வாய தொறக்க மாட்டாரு, எந்திரிச்சு கைய துடைச்சிக்கிட்டு "வா தம்பி, டீ சாப்ட்டு போலாம்", அவ்ளோ தான். இன்ஜின் எவ்ளோ மோசமா இருந்தாலும் காசு குடுத்தா சரி பண்ணிடலாம், நம்பர் தப்பா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது டூ ஸ்ட்ரோக். இதுல என் கருத்து கொஞ்சம் கறாரா இருக்கும், திட்டுறவங்க திட்டிக்கோங்க. யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது 1985ல, நின்னது 1996ல, 98 சிசில 11 ஹெச்பி, நூறு கிலோ ஒட்டி தான் எடை, அதான் அந்த பறப்பு. இன்னைக்கு ஒரிஜினலா இருக்குற வண்டிக்கு சொல்ற விலைய கேட்டா தலை சுத்தும். இப்போ அத வாங்கி பின்னாடி வெட்டி பிரவுன் சீட்டு போட்டா கட்டுற செலவும் ஆகும், வண்டியோட மதிப்பும் இறங்கும், ரெண்டு பக்கமும் நஷ்டம். ஆர்டி 350 இன்னும் மோசம், 1983ல இருந்து அந்த 80கள் முடியுற வரைக்கும் தான் இங்க செஞ்சாங்க, 347 சிசி ரெட்டை சிலிண்டர், ஹை டார்க் மாடல் 30.5 ஹெச்பி, லோ டார்க் 27, ஒரிஜினல் சாமான் ஒண்ணொண்ணும் தேடித் தேடி தான் வாங்கணும், பிரேக் அன்னைக்கே பத்தாது. அத வெட்டுறேன்னு சொல்றவன பாத்தா எனக்கு கோவம் வரும்.

யெஸ்டி வேற கதை, நம்ம பக்கத்து ஊரு வண்டி. மைசூர் ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1961ல இருந்து 1996 வரைக்கும் ஓடுச்சு, அதனால பெங்களூர், மைசூர் பக்கம் இன்னும் வண்டியும் இருக்கு, வேலை தெரிஞ்ச பெரியவங்களும் இருக்காங்க. ஒத்த சிலிண்டருக்கு ரெண்டு சைலன்சர், கிக்கர உள்ள தள்ளி திருப்புனா அதே தான் கியர் லிவர், முதல் தடவை பாக்குறவன் முழிப்பான். அடிபட்டு, சாமான் பாதி இல்லாம, ஆர்சி மட்டும் சுத்தமா இருக்குற யெஸ்டி ரோட்கிங் கெடச்சா அத ஸ்க்ராம்ப்ளர் (மண் ரோட்டுக்கும் ஆகுற மாதிரி உயரமா கட்டுற ஸ்டைல்) மாதிரி கட்டலாம், அதுல எனக்கு மனசு ஒத்துக்கும். முழுசா இருக்குற வண்டின்னா அப்படியே ரீஸ்டோர் பண்ணுங்க, ஜூலை ரெண்டாவது ஞாயிறு ஜாவா டே அன்னைக்கு கூட்டத்துல கொண்டு போய் நிறுத்துனா மதிப்பு தெரியும். ஆர்எக்ஸ்ல ஆயில் பம்பு தனியா இருக்கு, யெஸ்டிக்கு டேங்குலயே 2டி ஆயில கலந்து ஊத்தணும், பங்க்ல நின்னு அளவு பாத்து ஊத்துற பொறுமை இல்லாதவங்களுக்கு அது சரிப்படாது.

பழைய வண்டி எதுவானாலும் இப்போ புதுசா ஒரு தலைவலி, பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்த இழுக்கும், வாரம் பூரா நிக்குற வண்டில டேங்க் அடில துரு, அந்தக் கால ரப்பர் ஹோஸும் கார்பரேட்டர் வாஷரும் ஊறிப்போய் ஒழுகும். எத்தனால் தாங்குற ஹோஸா மாத்தணும், ரெண்டு வாரம் எடுக்கலன்னா டேப்ப மூடிட்டு ஃப்ளோட் பவுல் காலியாகுற வரைக்கும் ஓடவிட்டு ஆஃப் பண்ணனும். வீக்கெண்ட் மட்டும் ஓட்டுறவன தான் இது முதல்ல கடிக்கும்.

சரி, நான் என்ன சொல்றேன்னா, முதல் பில்டுக்கு ராயல் என்ஃபீல்டோட யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) இன்ஜின் 350 வாங்குங்க. 2009, 10ல இருந்து 2020ல பிஎஸ்6 வர்ற வரைக்கும் கிளாசிக் 350, எலக்ட்ரா, தண்டர்பேர்டுன்னு வந்ததெல்லாம் இது. அதே 346 சிசி, ஆனா பேரல் அலுமினியம், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணா சேந்தது, இடது கால் கியர், அஞ்சு ஸ்பீடு, ஹைட்ராலிக் டேப்பட், மாடலுக்கு ஏத்த மாதிரி செல்ஃப் ஸ்டார்ட். முக்கியமா 350க்கு கார்பரேட்டர், 500க்கு தான் இன்ஜெக்‌ஷன். பாட் ஃபில்டர் (டப்பா இல்லாத திறந்த ஏர் ஃபில்டர்) போட்டு காத்து ஜாஸ்தியா போச்சுன்னா மெயின் ஜெட்ட பெருசாக்கி பிளக் நிறம் பாத்து சரி பண்ணிக்கலாம், லேப்டாப் வேண்டாம். பிளக் வெள்ளையா இருந்தா லீன், அதாவது பெட்ரோல் கம்மி, கருப்பா மசியா இருந்தா ரிச், பெட்ரோல் ஜாஸ்தி, காபிப்பொடி நிறத்துல வந்தா விட்டுடலாம். 2018 கடைசிக்கு முன்னாடி வண்டின்னா ஏபிஎஸ்ஸும் இருக்காது, அது பாதுகாப்புக்கு குறை தான், ஆனா வீல், ஃபோர்க்னு கை வைக்குறப்போ சென்சார் ரிங் தொல்லை இல்ல. தெருவுக்கு நாலு இருக்கு, சாமான் மூலைக்கு மூலை, கெடுத்துட்டாலும் வயிறு எரியாது. பழைய புல்லட்காரங்க இத புல்லட்டுன்னே ஒத்துக்க மாட்டாங்க, விடுங்க, அவங்க வண்டி நின்ன எடத்துல ஆயில் சொட்டியிருக்கும்.

ஷோரூம் வண்டி? கட்டுறத விட ஓட்டுறது தான் புடிக்கும்னா கண்ண மூடிக்கிட்டு இதான். 2020ல ராயல் என்ஃபீல்டு மீட்டியரோட வந்த ஜே சீரிஸ் 349 சிசி இன்ஜின், 20.2 ஹெச்பி, 27 என்எம், வைப்ரேஷன் ரொம்ப குறைவு. அவங்களோட 650 ட்வின் (ரெட்டை சிலிண்டர்) 2018 கடைசில வந்துச்சு, 648 சிசி, 47 ஹெச்பி, ஆறு கியர், 270 டிகிரி கிராங்க், ஏலகிரி வரைக்கும் போயிட்டு அந்த 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி சாயந்தரம் திரும்பலாம், முதுகு அப்படியே இருக்கும். ஒரு பணக் கணக்கு இருக்கு, 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாத்துனப்போ 350 சிசி வரைக்கும் 18 சதவீதமா இறங்குச்சு, அதுக்கு மேல 40 ஆயிடுச்சு. அந்த வித்தியாசத்துல சீட்டு, ஹேண்டில் பார், கண்ணாடி, பின் ஷாக், நல்ல டயர் எல்லாம் வாங்கிடலாம். இதுல இசியூ, ஓ2 சென்சார், ஏபிஎஸ் எல்லாம் இருக்கு, வயரிங்ல கை வச்சா வாரண்டி போச்சு. அதனால போல்ட்ட கழட்டி மாட்டுற வேலையோட நிறுத்திக்கணும், அதுக்கு மேல போகணும்னு கை அரிச்சா பழைய வண்டிக்கே போயிடுங்க.

அடுத்து யாரு கட்டுறது. நாமளே கட்டுறதுல தான் இந்த ஹாபியோட முழு சந்தோஷமும் இருக்குன்னு சொல்லுவாங்க, நானும் ஒத்துக்குறேன், ஆனா அதுக்கு தரை தளத்துல கூரை போட்ட எடம் வேணும், மாசக்கணக்குல பிரிச்சுப் போட்டா திட்டாத ஓனர் வேணும், திட்டாத பொண்டாட்டியும். அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல பிரிச்சுப் போட்டா ரெண்டாவது வாரமே அசோசியேஷன்ல இருந்து மெசேஜ் வரும், "ஆயில் கறை யாரு". ஸ்பேனர் செட் மட்டும் பத்தாது, கிளட்ச் புல்லர், மேக்னெட் புல்லர், டார்க் ரென்ச், மல்டிமீட்டர் வேணும், கழட்டுறப்போ ஒவ்வொரு ஸ்டெப்பும் போட்டோ எடுத்து, போல்ட்ட ஜிப் கவர்ல போட்டு பேர் எழுதி வைக்கணும். இன்ஜின பிரிக்கிறதும் வெல்டிங்கும் கத்துக்கிட்டு பண்றவங்க இருக்காங்க, ஆனா முதல் வண்டிக்கே வேண்டாம்.

கஸ்டம் ஷாப்ல குடுத்தா வேலை சுத்தமா வரும், பேமெண்டும் பெருசா போகும், தேதி மட்டும் வராது. மூணு மாசம்னு சொன்னது வருஷத்த தொடுறது இந்த ஃபீல்டுல எல்லா ஊர்லயும் சகஜம். குடுக்குறதா இருந்தா அவங்க இன்ஸ்டால போடுற பளபள வண்டிய பாக்காதீங்க, ரெண்டு மூணு வருஷம் முன்னாடி கட்டுன வண்டி இப்போ எப்படி ஓடுதுன்னு அந்த ஓனர்கிட்ட பேசணும்னு கேளுங்க, நம்பர் குடுக்க தயங்குனா புரிஞ்சுக்கோங்க. காச வேலை முடிய முடிய பிரிச்சுக் குடுங்க. வெல்டிங் டிக்-ஆ ஆர்க்-ஆ, பைப் சீம்லெஸ்ஸா, வயரிங்ல ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் இருக்கா, இத கேட்டா தெரிஞ்சவன் சந்தோஷமா விளக்குவான், தெரியாதவன் "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்"னு முடிச்சிடுவான்.

நான் சொல்ற வழி ரெண்டுக்கும் நடுவுல. கழட்டுறது, சுத்தம் பண்றது, மாட்டுறது, வயரிங் நம்ம கைல, ஏரியா மெக்கானிக் அண்ணன் ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பாத்துட்டுப் போவாரு. போர் போடுறது, கிராங்க், வெல்டிங், பவுடர் கோட்டிங் மாதிரி மெஷின் வேலை மட்டும் வெளிய. பெங்களூர்ல இருக்குற பெரிய வசதியே இதான், பீன்யா பக்கம் லேத்து, சிஎன்சி, கோட்டிங்னு இல்லாத பட்டறை இல்ல. ஒத்தப் பீஸ் வேலைக்கு மூஞ்ச சுளிப்பாங்க தான், வாய்ல சொல்லாம அளவு போட்ட டிராயிங்க நீட்டுனா வேலை நடக்கும். பவுடர் கோட்டிங்குக்கு ஃபிரேம் குடுக்குறப்போ ஒண்ணு மறந்துடாதீங்க, சேசிஸ் நம்பர் மேல சூடு தாங்குற டேப் ஒட்டிக் குடுங்க, இல்லன்னா சாண்ட் பிளாஸ்டிங்ல தேஞ்சு கோட்டிங்ல மூடி படிக்கவே முடியாம வரும், அப்புறம் ஆர்டிஓ இன்ஸ்பெக்டர் முன்னாடி சுரண்டிட்டு நிக்கணும்.

உருவத்துக்கு வருவோம். போட்டோல நல்லா இருக்குறதெல்லாம் நம்ம ரோட்டுக்கு ஆகாது. கிளிப் ஆன் ஹேண்டில் (ஃபோர்க்லயே மாட்டுற தாழ்வான ஹேண்டில்) போட்ட கஃபே ரேசர்ல சில்க் போர்டு சிக்னல தாண்டிப் பாருங்க, உடம்பு வெயிட் பூரா மணிக்கட்டுல, கிளட்ச் கை மரத்துப் போகும். ஹார்டுடெயில் பாபர், பின் ஷாக்கே இல்லாம, மழைக்கால பெங்களூர் பள்ளத்துலயா? வேண்டாம் சாமி. பின் மட்கார்ட எடுத்துட்டா பாக்க கும்முனு இருக்கும், முதல் மழைல சேறு முதுகு வழியா ஹெல்மெட் வரைக்கும் கோடு போடும். ஸ்க்ராம்ப்ளர் தான் இங்க பிராக்டிகல், அகலமான ஹேண்டில், நேரா உக்காந்த பொசிஷன், கொஞ்சம் உயரம், ரெண்டு பேர் உக்காருற தட்டை சீட்டு. கட்டைக் கட்டையா இருக்குற ஆஃப் ரோடு டயர் மட்டும் பாத்து போடுங்க, ஈரமான கான்கிரீட் ரோட்டுல வழுக்கும். ஓட்டப் போற எடமும் முக்கியம், மைசூர் எக்ஸ்பிரஸ்வேல 2023 ஆகஸ்ட்ல இருந்து டூ வீலர விடுறதில்ல, சர்வீஸ் ரோட்ல தான் போகணும், அதனால ஹைவேல பறக்கலாம்னு கியர் ரேஷியோவ எல்லாம் மாத்துறதுக்கு முன்னாடி எந்த ஹைவேன்னு யோசிங்க.

இப்போ சட்டம். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த ஸ்பெக்ல இருந்து ஆர்சி விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல சட்டம் அனுமதிக்காத மாதிரி ஓனர் வண்டிய மாத்துனா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும்ன்றத கவனிங்க. சத்தம் 175 சிசிக்கு மேல 80 டெசிபல் தான் லிமிட், அத தாண்டுனா முதல் தடவையே 10,000 வரைக்கும் ஃபைனும் லைசென்ஸ் மூணு மாசம் சஸ்பெண்டும் வரலாம். பட்டாசு சைலன்சர் போடுறவங்க மேல எனக்கு பரிதாபமே கிடையாது, அவங்களால தான் ஒழுங்கா கட்டுன வண்டியையும் போலீஸ் ஓரங்கட்ட சொல்றாங்க. நடைமுறைல என்ன அர்த்தம்னா சேசிஸ வெட்டாதீங்க, நீட்டாதீங்க, கழுத்து கோணத்த மாத்தாதீங்க, இன்ஜின் மாத்துனா ஆர்சில ஏத்துங்க, கலர் மாத்துனாலும் ஆர்டிஓல சொல்லி ஏத்திடுங்க. சீட்டு, ஹேண்டில், லைட் மாதிரி திரும்ப மாட்டக்கூடிய வேலையோட நிறுத்துனா தலைவலி கம்மி. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மாத்துனத சொல்லாம விட்டா ஆக்சிடெண்ட் ஆகுறப்போ க்ளெய்ம நிறுத்த அதுவே காரணமாகும். 50 வருஷம் தாண்டின வண்டி கெடச்சா கத்தியே வைக்காதீங்க, 2021 விதிப்படி விஏ நம்பரோட விண்டேஜ் பதிவு வாங்கலாம், ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின பெருசா மாத்துனதுக்கு கெடைக்காது.

கடைசியா நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு. ஊர்ல தாத்தா வண்டி, மாமா வண்டின்னு டிஎன் நம்பர் புல்லட்ட சும்மா எடுத்துட்டு வந்து இங்க கட்டலாம்னு நெறைய பேர் கேக்குறாங்க. வண்டி ஓசிதான், பேப்பர் ஓசி இல்ல. வேற ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா நம்பர் மாத்தணும், அதுக்கு ஊர் ஆர்டிஓல என்ஓசி, இங்க லைஃப் டாக்ஸ், இன்ஸ்பெக்‌ஷன். 15 வருஷம் தாண்டியிருந்தா ஆர்சி ரினீவல், அதுக்கப்புறம் அஞ்சஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. தாத்தா பேர்ல இருந்து அவரு இல்லன்னா வாரிசு சான்றிதழ் வரைக்கும் போகும். இது எல்லாத்தையும் வண்டி ஸ்டாக்கா, முழுசா, ஓடுற நிலைமைல இருக்குறப்பவே முடிச்சிடுங்க, பிரிச்சுப் போட்ட வண்டிய எந்த இன்ஸ்பெக்டரும் பாக்க வர மாட்டாரு. கோரமங்களா ஆபீஸோ ஜெயநகர் ஆபீஸோ, கேஏ 01ஓ 05ஓ, புது நம்பர் ஆர்சி கைக்கு வந்தப்புறம் ஸ்பேனர எடுங்க, கழட்டுன ஒரிஜினல் மட்கார்டு, சீட்டு, சைலன்சர் எதையும் எடைக்குப் போடாம சாக்குல கட்டி பரண்ல போட்டு வைங்க, அடுத்த ரினீவலுக்கு அதெல்லாம் திரும்ப மாட்ட வேண்டி வரும்.